சீனிச் சட்டையும் தாலித் தகடும்

என் வயிற்றில் மண்ணீரல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் பதினாறு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பாசாரில் மீன் வாங்கும்போது ஒருமுறை சொல்லப்போய், மீன்காரர் அதிர்ந்துபோய் இரண்டு மத்தி கூடப் போட்டுக் கொடுத்தார்.

என் பெயர் கமலவேணி. வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கோப்பு அறை என் பொறுப்பு. எங்கள் வேலையில் இரண்டு முத்திரைகள் முக்கியம். ஒன்று கே.ஐ.வி.; இந்தக் கோப்பு கண்ணிலேயே இருக்கட்டும் என்று அர்த்தம். இன்னொன்று பி.ஏ.; வேலை முடிந்தது, அலமாரியில் போடு என்று அர்த்தம். இருபது வருடமாக இதைச் செய்து செய்து, வீட்டிலும் அந்தப் புத்தியே வந்துவிட்டது. கரண்டு பில்லிலிருந்து மகளின் மார்க் சீட்டுவரை எல்லாவற்றுக்கும் கோப்பு உண்டு. என் கணவர் தர்மலிங்கம் கிள்ளானில் ஒரு டயர் பட்டறையில் ஃபோர்மன். "செத்தா என்னையும் நம்பர் போட்டு அடுக்கி வச்சிருவா" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

மண்ணீரல் போனது தொண்ணூற்று ஒன்றாம் வருடம், ஒரு மினி பஸ்ஸால். வேலை முடிந்து வந்து எங்கள் வீதி முனையில் இறங்குகிறேன். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். கண்டக்டர் "செபாட், செபாட்" என்று விரட்ட, டிரைவர் எடுத்துவிட்டார். லோங்காங்கின், அதாவது சாக்கடைக் கால்வாயின், சிமெண்டு விளிம்பில் இடது விலா பட விழுந்தேன். எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, கண்டக்டரை நன்றாக நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனேன். ஒரு மணி நேரத்தில் கண் இருட்டியது. உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அவசர ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த ஆப்பரேஷன் டாக்டர், "மண்ணீரல் இல்லாமலும் நல்லா வாழலாம்" என்றார். எனக்கு அது போதும், காதை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். காய்ச்சல் வந்தால் வீட்டில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, ஆறு வாரம் கழித்து ஒரு தடுப்பூசிக்கு வர வேண்டும் என்றார். இரண்டையும் எழுதி ஒரு மஞ்சள் அட்டை தந்தார். எப்போதும் கூடவே வைத்திருங்கள் என்றும் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? முக்கியமான அட்டை, கைப்பையில் கசங்கிப்போகும், மழையில் நனையும் என்று பத்திரமாகக் கோப்பில் வைத்தேன். எங்களைப் போன்ற ஆட்களுக்கு முக்கியம் என்றால் இரும்பு அலமாரிதானே! ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அங்கேதான். பஸ் விபத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டு எழுதிய கடிதங்களோடு அட்டையையும் சேர்த்துக் கட்டினேன். மூன்று மாதத்தில் இன்சூரன்ஸ் விஷயம் தீர்ந்தது. கோப்பின் மேல் சிவப்பு மையில் பி.ஏ. என்று எழுதி அடுக்கினேன். ஊசிக்குப் போகவில்லை. காயம் ஆறிவிட்டது, மறுபடி எதற்கு ஊசி என்று நினைத்தேன். என்ன ஒரு புத்திசாலி!

இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் சளி. எனக்கும் மூக்கு ஒழுகியது. வியாழக்கிழமை காய்ச்சல். வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். அந்த டாக்டர், "வேற ஏதாச்சும் நோய், ஆப்பரேஷன் இருந்திச்சா?" என்று கேட்கத்தான் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் மனதில் அந்தக் கோப்பு மூடியாயிற்று. மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். மதியம் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் எடுத்தது. மூச்சு இழுக்கும்போது வலப்பக்கம் ஊசி குத்துவதுபோல் வலி. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்த என்னைச் சக ஊழியர்கள் காடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

காத்திருப்புக் கூடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காய்ச்சல்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வரிசை, கையில் ஒரு நம்பர். எனக்கு எண்பத்தேழு. ஓடிக்கொண்டிருந்தது ஐம்பத்திரண்டு. என் கணவர் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டயர்ப் பட்டறைக் கரி இன்னும் கையில் இருந்தது. "என்னா வேணி, உடம்பு இப்படி கொதிக்குது" என்றார். "நம்பர் வரட்டும்" என்றேன். வரிசை என்றால் வரிசை. முந்திப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்த மஞ்சள் அட்டை கையில் இருந்திருந்தால் எண்பத்தேழுக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அறுபத்து நாலைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. அதன்பின் நான் அவர் தோளில் சரிந்துவிட்டேனாம்.

அடுத்த சில மணி நேரம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைத் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோனபோது அங்கே இருந்தவர் டாக்டர் நவமணி. யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், குட்டை முடி, கறாரான குரல். ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் நெட்டுக்கு ஓடிய தையல் தழும்பைக் கண்டார்.

"இது என்ன ஆப்பரேஷன்?" என்று என் கணவரைக் கேட்டிருக்கிறார்.

"பஸ்ஸிலேருந்து விழுந்தா டாக்டர். உள்ள ஏதோ ரத்தப் பை மாதிரி ஒண்ண எடுத்தாங்க."

"எந்தப் பக்கம் அடிபட்டது? இடப்பக்கமோ?"

"ஆமா."

"ஒரு அட்டை தந்திருப்பினமே, அது எங்க?"

என் கணவர் "அவ ஃபைல் பண்ணியிருப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"ஓம், நல்ல வேலை செய்திருக்கிறா. போய்க் கொண்டு வாங்கோ. ஊசி மருந்தை நான் இப்பவே தொடங்கிறன், அட்டைக்காகக் காத்திருக்க ஏலாது. ஆனா என்ன எடுத்தது, தடுப்பூசி போட்டதோ இல்லையோ எண்டு எனக்கு நிச்சயமாத் தெரிய வேணும்."

மனிதர் மோட்டாரை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பறந்தார். அலமாரியைத் திறந்து 'ஆஸ்பத்திரி' என்ற கோப்பைப் புரட்டினார். இல்லை. 'கமலவேணி, உடல்நலம்' என்ற கோப்பு. அதிலும் இல்லை. நான்தான் அதை 'மினி பஸ்' என்ற தலைப்பில் வைத்திருந்தேனே! எங்கள் முறைப்படி எதனால் வந்ததோ அதன் பெயரில்தான் கோப்பு. மொத்த அலமாரியையும் தரையில் கொட்டியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, மகள் மூன்றாம் வகுப்பில் வரைந்த படம், அவர் எனக்கு எழுதிய இரண்டே இரண்டு கடிதங்கள் எல்லாம் கலந்து கிடக்க, அதன் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தாராம். கடைசியில் சிவப்பு பி.ஏ. கண்ணில் பட்டிருக்கிறது. அட்டையை மட்டும் எடுக்கத் தைரியம் வராமல் முழுக் கோப்பையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பி வந்தார்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். 'மண்ணீரல் அகற்றப்பட்டது' என்று இருந்தது. அதன் கீழே 'தடுப்பூசி போட்ட தேதி' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோட்டை அவர் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாராம். என் கணவர் அதைச் சொல்லும்போதெல்லாம் தன் விரலாலும் மேசையைத் தட்டிக் காட்டுவார்.

எனக்கு மறுபடி நினைவு வந்தபோது மூக்கில் பிராணவாயுக் குழாய், இரண்டு கையிலும் மருந்து இறங்கும் ஊசி. காலடியில் என் கணவரின் தங்கை பார்வதி உட்கார்ந்திருந்தாள். கிள்ளானிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். என் வளையல், தோடு, மூக்குத்தி எல்லாம் ஒரு உறைக்குள் போட்டு அவள் மடியில் இருந்தது. கழுத்தைத் தடவினேன். தாலி இருந்தது. ஆனால் கன்னத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"எக்ஸ்ரேக்கு எல்லா நகையும் கழட்டணும்னாங்க அண்ணி. தாலிய கழட்ட மாட்டேன்னு நான் கத்துனேன். அந்த மலாய்க்கார மிஸ்ஸி சிரிச்சிக்கிட்டே சங்கிலிய மேல இழுத்து கன்னத்துல பிளாஸ்டர் போட்டு ஒட்டிட்டாங்க" என்றாள் பார்வதி. மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். பிளாஸ்டரைப் பிய்த்தபோது அரைக் கன்னத்துப் பவுடரும் அதோடு போனது.

ராத்திரிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரி ராத்திரி யாருக்கும் ஒன்றுதான். பயத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். மூன்றாம் நாள்வரை நான் பிழைப்பேனா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பினாங்கில் தங்கிப் படிக்கும் மகளுக்கு அது பரீட்சை நேரம். அவளைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்று வாசலில் அண்ணனும் தங்கையும் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. கூப்பிட்டால் நான் போகப் போகிறேன் என்று அர்த்தம். அந்த நினைப்பே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு அட்டையைத் தப்பான இடத்தில் வைத்ததற்காகவா சாவது? அப்படிச் சாக மாட்டேன், செய்த தப்பைத் திருத்திவிட்டுத்தான் மற்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கூப்பிட வேணாம்" என்று குரலை எழுப்பிச் சொன்னேன். இருவரும் திடுக்கிட்டு ஓடி வந்தார்கள். அதுதான் நான் இரண்டு நாளில் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தையாம்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று டாக்டர் நவமணி என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ரத்தத்திலும் சளியிலும் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த பரிசோதனை முடிவு அவர் கையில் இருந்தது.

"நிமோனியா. நுரையீரலில தொடங்கி ரத்தத்துக்குள்ள போயிட்டுது. எந்தக் கிருமி எண்டும் தெரிஞ்சுபோச்சு. மைக்ராஸ்கோப்பில ரெண்டு ரெண்டா ஒட்டிக்கொண்டு, சுத்திவர ஒரு வெள்ளை வளையத்தோட நிக்குது. அந்த வளையம் என்ன தெரியுமோ? சீனி."

"சீனியா?"

"ஓட்டலில சாப்பிட்டு வெளியில வரேக்க தட்டில வச்சிருப்பினமே, சீனி பூசின சோம்பு, அது மாதிரி. இந்தக் கிருமி தனக்குத் தானே சீனிச் சட்டை செய்து போட்டுக்கொள்ளும். தேத்தண்ணிக்குப் போடுற சீனி இல்லை, அந்தக் குடும்பத்துச் சீனியளைச் சங்கிலி மாதிரிக் கோத்தது. சட்டை வழுவழு எண்டு இருக்கிறதால எங்கட ரத்த அணுக்கள் பிடிக்கப் போனாலும் வழுக்கிக்கொண்டு போயிடும். அதைப் பிடிக்கிற கெட்டிக்காரர் மண்ணீரலிலதான் இருக்கினம். உங்களுக்கு அந்த மண்ணீரல் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. இந்த இரண்டு வருடமும் வீட்டுக்குக் காவல் இல்லாமல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

பார்வதி இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து எனக்குக் கொண்டுவரும் கோப்பியில் சீனியை நிறுத்திவிட்டாள். கிருமிக்குத் தீனி போடக் கூடாதாம். டாக்டர் கேட்டுச் சிரித்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, ரெண்டு கரண்டி போட்டுக் குடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் எனக்கு வாய்க்கு ருசியாக ஒரு கோப்பி கிடைத்தது.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "முதல்ல சளிதானே டாக்டர் வந்திச்சி? ஆபீசுல எல்லாருக்கும்தான் சளி. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"சளிக் கிருமி வேற ஆள். அது வைரஸ், இதைவிடச் சின்னன். அது வந்து மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்கி வழி திறந்துவிட்டது, இது உள்ள புகுந்தது. உங்களுக்கு வந்தது எந்தச் சளி வைரஸ் எண்டு நான் சொல்ல மாட்டன், எத்தனையோ வகை இருக்கு. அதில ஒரு வகை, பெரிய மைக்ராஸ்கோப்பில பாத்தா சுத்திவர முள்ளு முள்ளாக் கிரீடம் வச்ச மாதிரி இருக்கும். அந்த முள்ளுக்கு மேலயும் சீனிதான்."

"அதுவும் சட்டை போட்டிருக்கா?"

"ஓம். ஆனா ஒரு வித்தியாசம். உங்களைப் படுக்கப் போட்ட கிருமி தன்ர சட்டையைத் தானே தைக்கும். இந்த முள்ளுக்காரனுக்குத் தைக்கத் தெரியாது. எங்கட உடம்பு அணுவுக்குள்ள பூந்து, எங்கட சீனியையே எடுத்துப் பூசிக்கொண்டு வெளியில வரும். எங்கட வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போற ஆளை எங்கட காவல்காரன் சந்தேகப்படுவானோ? முள்ளில எந்த இடம் மூடியிருக்கு, எந்த இடம் திறந்திருக்கு எண்டு தெரிஞ்சாத்தான் அதுக்குச் சரியான தடுப்பூசி செய்யலாம்."

"அதுக்கு ஊசி இருக்கா?"

"கோழிக்கு இருக்கு" என்றார் டாக்டர். "அதே குடும்பத்து வைரஸ் கோழிப் பண்ணையளை அழிக்கும், அதால காசு நட்டம், அதால ஊசி கண்டுபிடிச்சினம். மனுசருக்கு வாறது வெறும் சளித் தடிமன்தானே, ஆர் மெனக்கெடுவினம்?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கோழிக்கு உள்ள மரியாதைகூட நமக்கு இல்லையா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

"உங்கட கிருமிக்கு ஊசி இருக்கு, அதைப் பேசுவம். அந்த ஊசிக்குள்ள கிருமியே கிடையாது. கிருமியின்ர சட்டையை மட்டும் கழட்டி, சுத்தம் பண்ணி, ஊசியில போடுறது. ஆள் வாற முதல் சட்டையைக் காட்டி, 'இதைப் போட்டவன் வந்தாப் பிடி' எண்டு உடம்புக்குச் சொல்லிக் குடுக்கிறது. இருபது சொச்சம் வகைச் சட்டை அதில இருக்கு. மண்ணீரல் இல்லாத உடம்பு கொஞ்சம் மந்தமான மாணவன், முழுக்கப் படிக்காது. ஆனாப் படிக்கிற அளவுக்கு லாபம்தானே. ரெண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையளுக்கு வெறும் சீனியைக் காட்டினாப் படிக்கவே படிக்காது. அதுக்காகச் சீனியை ஒரு புரதத்தோட ஒட்டிக் குடுக்கிற புது வழியை வெளிநாட்டில செய்து பாக்கினம்."

"எனக்கு எப்ப போடுவீங்க?"

"இப்ப இல்லை. நல்லாத் தேறின பிறகு, ஆறு வாரம் கழிச்சு. ஊசி எங்களிட்ட இருப்பில இல்லை, வெளியில எடுப்பிக்க வேணும். நீங்கள் வருவியளோ, இல்லை இதையும் ஃபைல் பண்ணிப்போடுவியளோ?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் நியாயம்தானே. "வருவேன்" என்றேன். பேனா கேட்டு வாங்கி, உள்ளங்கையில் கே.ஐ.வி. என்று எழுதிக்கொண்டேன். டாக்டருக்கு அது புரியவில்லை. என் கணவருக்குப் புரிந்தது. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அலமாரி காலி. கோப்பெல்லாம் ஹாலில் மூன்று குவியல். அவருக்குத் தெரிந்த வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்: வேணிக்கு வேணும், எனக்கு வேணும், யாருக்கு வேணும்னு தெரியல. அவர் எழுதிய அந்த இரண்டு கடிதங்களும் முதல் குவியலில் மேலாக இருந்தன. இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன்.

ஆறாவது வாரம் ஊசி மருந்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், உறையவும் கூடாது. என் கணவர் வீட்டு ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்துப் பெட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மோட்டாரில் இரண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வந்தார். குளிரில் கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்க முடியாமல் நின்றார். "என்னா, உனக்குச் சீனித் தண்ணி கொண்டாரதுக்குள்ள என் கால் போயிடும் போல இருக்குலா" என்றார். டாக்டர் நவமணி ஊசியைப் போட்டுவிட்டு, அந்த மஞ்சள் அட்டையின் கோட்டின் மேல் தேதியை எழுதினார். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமலா இத்தனை நாள் கிடந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

ஆனால் அட்டை விஷயம் தீரவில்லை. ஊசி முழுக்கக் காப்பாற்றாது. காய்ச்சல் வந்தால் அந்த மணி நேரத்திலேயே மருந்து ஏற வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. நான் நினைவில்லாமல் கிடந்தால் யார் சொல்வது? கைப்பை தொலையும், வளையலைக் கழற்றுவார்கள், தோட்டைக் கழற்றுவார்கள். கண்ணாடி முன் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டர் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கழற்றினார்கள், தாலியை மட்டும் யாரும் கழற்றவில்லை. மலாய்க்கார மிஸ்ஸிக்குக்கூட அது தெரிந்திருக்கிறது.

"தாலிச் சங்கிலியில ஒரு தகடு கோத்துக்கப் போறேன். மலாய்லயும் இங்கிலீஷ்லயும் மண்ணீரல் இல்லன்னு" என்றேன்.

பார்வதி அன்று எங்கள் வீட்டில் இருந்தாள். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணி, என்னா பேசுறீங்க? தாலியில போயி இல்லன்னு எழுதித் தொங்கவிடுவீங்களா? அது உங்க உடம்புக்காகவா கட்டுனது? எங்கண்ணனுக்காகக் கட்டுனது. கழுத்துல வேற ஒரு கயித்துல போட்டுக்குங்க."

"வேற கயித்தக் கழட்டிருவாங்க பார்வதி. இத நீயே கழட்ட விடல."

"அதுக்காக? எங்கண்ணன் உசிரோட இருக்காரு. தாலியில இல்லங்கற வார்த்தையே வரக்கூடாது."

கோபித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் பேச்சில்லை. பதினாறு நாளும் எனக்குக் கஞ்சி ஊட்டிய கை அது. அவள் கோபம் என்னை வருத்தியது. ஆனாலும் நான் விடவில்லை.

கிள்ளானில் எங்களுக்குப் பழக்கமான நகைப் பத்தரிடம் போனோம். 'தியாடா லிம்பா' என்று மலாயிலும், அதன் கீழே இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்தேன். மண்ணீரல் இல்லை என்பதற்கு மலாய் அதுதான். பத்தர் சீட்டைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மா, ஆள் பேரு வெட்டுவேன், சாமி பேரு வெட்டுவேன். தாலியில கோக்குற தகட்டுல இல்லங்கறத வெட்ட எனக்குக் கை வராது. பின்பக்கமா வெட்டித் தரட்டா?"

"பின்பக்கம் யார் திருப்பிப் பாப்பாங்க? முன்பக்கம்தான் வேணும்."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் கணவர் அதுவரை வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்தார். கரி படிந்த விரலால் அந்தச் சீட்டைப் பத்தர் பக்கம் தள்ளினார்.

"வெட்டுங்க பத்தரே. தாலி எனக்காகன்னா, அதுல என்னா எழுதணும்னு நான் சொல்றேன். இவ இருக்கணும். அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன்."

கல்யாணம் ஆகி இருபத்தொரு வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பற்றி அடுத்தவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் வெட்டுவேன் என்றார், அது ஒன்றை விட்டுக்கொடுத்தோம். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் அவர் ஆசைக்கு ஒரு சின்ன வேல்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்பு கிள்ளானில் சேலை எடுக்கப் போனோம், நானும் பார்வதியும். அதற்குள் அவள் பேசத் தொடங்கியிருந்தாள், தகட்டைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கடையில் சேலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் குளிர் எடுத்தது. அதே குளிர். பல் அடித்துக்கொண்டது. பார்வதி என் நெற்றியைத் தொட்டாள். உடனே என்னை இழுத்துக்கொண்டு டாக்சியில் ஏறினாள்.

அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் வேறு ஆட்கள், யாருக்கும் என்னைத் தெரியாது. காத்திருப்புக் கூடம் நிரம்பி வழிந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் நம்பர் சீட்டைக் கிழித்து நீட்டினார். நான் பேச வாயெடுத்தேன், நடுக்கத்தில் வார்த்தை வரவில்லை. பார்வதி சீட்டை வாங்கவில்லை. என் கழுத்தில் கையை விட்டு, ரவிக்கைக்குள் இருந்த தாலியை வெளியே இழுத்து, நூறு பேர் பார்க்கத் தகட்டை அந்த இளைஞரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாச்சாலா! வாசிங்க! இவங்களுக்கு மண்ணீரல் இல்ல! இல்ல! இல்ல!"

இளைஞர் வாசித்தார். எழுந்து ஓடினார். நான் உட்காரும் முன்பே தள்ளுவண்டி வந்துவிட்டது. கூட்டம் விலகி வழிவிட்டது. கையில் மருந்து ஏறத் தொடங்கியபோது பார்வதியின் விரல்கள் இன்னும் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன.

மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி காப்பாற்றியதா, சீக்கிரம் போனது காப்பாற்றியதா, இல்லை வெறும் சளிக் காய்ச்சல்தானா என்று அந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நான் இருக்கிறேன்.

கிளம்பும்போது பார்வதி எனக்குச் சேலையைச் சரிசெய்துவிட்டாள். வெளியே தொங்கிய தாலியை உள்ளே போட எடுத்தவள், ஒரு கணம் நின்றாள். தாலியையும், அதோடு சேர்ந்து தொங்கிய அந்தத் தகட்டையும் ஒன்றாகப் பிடித்து, எழுத்திருக்கும் பக்கமாகவே இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.